ஐஸ்பெட்டி வந்த கதை

பட்டணத்தில் திருவல்லிக்கேணிக் கடற்கரைப் பக்கம் போகிறவர்கள் 'ஐஸ் ஹவுஸ்' என்ற பெயரைக் காதில் வாங்காமல் திரும்ப முடியாது. பஸ் கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசில் கொடுப்பார். போலீஸ் ஸ்டேஷனுக்கும் அதே பெயர். பெயருக்குரிய கட்டடம் மாத்திரம் 1963-ம் ஆண்டிலிருந்து விவேகானந்தர் இல்லமாக இருக்கிறது. அங்கே கடைசி ஐஸ்கட்டி உருகி நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பெயர்தான் இன்னும் உருகவில்லை.

நம் வீட்டில் நிற்கிற பிரிட்ஜின் பூர்வ கதையைச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கட்டடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்தப் பெட்டி ஏன் பல வீடுகளில் திறந்தவுடன் மூக்கைப் பிடிக்க வைக்கிறது என்ற கேள்விக்கும் அந்தக் கதையில் பாதிப் பதில் இருக்கிறது. மீதிப் பாதி நம் பழைய அடுக்களையில் இருக்கிறது.

உஷ்ண தேசத்தில் குளிர்ச்சி என்பது ராஜாக்களின் ஆசையாகவே வெகுகாலம் இருந்தது. அக்பர் சக்கரவர்த்தியின் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்து, அந்தக் கரைசலுக்குள் குடிநீர்க் குப்பியை வைத்துச் சுழற்றிக் குளிரச் செய்தார்கள் என்று அபுல் பசல் எழுதி வைத்திருக்கிறார். 1586-ல் சக்கரவர்த்தியின் கொடி பஞ்சாபுக்குப் போன பிறகு மலையிலிருந்து பனியும் பனிக்கட்டியும் வரத் தொடங்கின. பின்னால் கம்பெனி துரைமார்களும் இந்த வெடியுப்பு வித்தையைப் பிடித்துக் கொண்டார்கள். தண்ணீரையும் பானங்களையும் குளிர வைப்பதற்கென்றே 'ஆப்தார்' என்று ஒரு வேலைக்காரன் இருந்தான். வங்காளத்தில் இன்னொரு தந்திரமும் உண்டு. குளிர்காலத்தில் வானம் தெளிந்த இரவுகளில், வைக்கோல் பரப்பிய பள்ளங்களில் ஆழமில்லாத மண் தட்டுகளை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். விடிவதற்குள் அதன்மேல் கண்ணாடித் தகடு போல ஐஸ் படியும். வெயில் வருமுன் ஓடி ஓடிச் சேகரிக்க வேண்டும். சென்னைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. மார்கழி மாதத்தில் நமக்குக் குளிர்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் தண்ணீருக்குக் குளிர்வதில்லை.

இந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் என்பவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவருடைய ஊரில் குளிர்காலத்தில் குளங்கள் எல்லாம் உறைந்து கிடக்கின்றன. அதை வெட்டி உஷ்ண தேசங்களுக்கு விற்றால் என்ன? 1806-ல் மார்ட்டினிக் தீவுக்கு முதல் கப்பல் போனது. ஊரார் சிரித்தார்கள். நஷ்டம் வந்தது, கடனுக்காகச் சிறைக்கும் போனார். ஆனால் மனிதர் விடாக்கண்டர். 1833-ம் வருஷம் மே மாதம் 12-ம் தேதி 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸை ஏற்றிக்கொண்டு பாஸ்டனிலிருந்து கல்கத்தாவுக்குக் கிளம்பியது. நான்கு மாதப் பிரயாணம், பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். கல்கத்தாவில் இறக்கியபோது ஏறக்குறைய 100 டன் மிச்சம் இருந்தது. கரைந்தது எவ்வளவு என்று பார்க்காமல் மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்தவர் டியூடர். வியாபாரிக்கு அந்தக் கண் வேண்டும்.

எப்படி மிஞ்சியது என்பது கவனிக்கத்தக்க விஷயம். நதானியேல் வையத் என்பவர் 1825-ல் குதிரை இழுக்கும் ஐஸ் கலப்பை ஒன்றைச் செய்தார். உறைந்த குளத்தின்மேல் சதுரங்கப் பலகை போலக் கோடு கிழித்து, ஒரே அளவான கட்டிகளாக வெட்டினார்கள். ஒரே அளவாக இருந்தபடியால் இடைவெளி இல்லாமல் அடுக்க முடிந்தது. இடைவெளி இருந்தால் காற்று புகும். காற்று புகுந்தால் ஐஸ் கரையும். சுற்றிலும் மரத்தூள். மர அறுவை ஆலைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கொட்டி வைத்திருந்த தூள் அது. ஆக, அடுக்கு, மூடு, கசிவை வடி என்ற மூன்று காரியத்தில்தான் அந்த வியாபாரம் முழுவதும் நின்றது. யந்திரம் எதுவும் கிடையாது. ஒழுங்கு ஒன்றுதான் யந்திரம்.

சென்னையில் 1842-ம் ஆண்டையொட்டி டியூடரின் கம்பெனிக்காகக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலைகளைத் தாண்டி மசூலாப் படகுகளில்தான் சாமான்கள் கரைக்கு வர வேண்டும். அமெரிக்கக் குளத்தின் ஒரு துண்டு, தலையில் துண்டைக் கட்டிய நம் படகுக்காரர்களின் கையால், உச்சி வெயிலில் கரை சேர்ந்த காட்சியை யாரும் படமாக எழுதி வைக்காமல் போனது நமக்குத்தான் நஷ்டம். அந்தப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் எழுதினார். டியூடரின் ஆட்கள் 1846-47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் ஐஸ் வெட்டியபோது, கரையில் குடிசை போட்டு வசித்த தோரோ அதைப் பார்த்தார். 1854-ல் வெளிவந்த அவருடைய 'வால்டன்' புத்தகத்தில், தம் குளத்துத் தண்ணீரைக் குடிக்கப் போகிற ஊர்களைச் சொல்லும்போது சென்னையின் பெயரையும் சேர்த்திருக்கிறார்.

இந்த ஐஸ் யாருக்குப் போயிற்று என்று கேட்க வேண்டியதில்லை. துரைமார்களின் பானத்துக்கும் வெண்ணெய்க்கும் போயிற்று. ஜுர வேகத்தில் கிடந்தவர்களின் நெற்றிக்கும் போயிற்று. பிறகு நீராவி யந்திரத்தால் ஐஸ் செய்யும் தொழிற்சாலைகள் இங்கேயே வந்தன. சென்னையில் 1874-ல் ஒரு கம்பெனி ஏற்பட்டது, கல்கத்தாவில் 1878-ல் ஒன்று. பாஸ்டன் ஐஸுக்கு வேலையில்லாமல் போயிற்று. கல்கத்தா, பம்பாய் ஐஸ் வீடுகள் இடிந்து மறைந்தன. சென்னை வீட்டை வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, நீதிபதி கெர்னனின் பெயரைச் சூட்டினார். 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். பிறகு சகோதரி சுப்புலட்சுமியின் பராமரிப்பில் இளம் விதவைகளின் விடுதியாகவும் அது இருந்தது. அந்த வீட்டின் கதை தனி நாவலுக்குரியது. நமக்கு வேண்டியது ஐஸ் போன பாதை.

ஐஸ் வீட்டிலிருந்து வீட்டு ஐஸ்பெட்டிக்கு வருவோம். மேரிலாண்டைச் சேர்ந்த தாமஸ் மூர் என்ற விவசாயி, வெண்ணெயைச் சந்தைக்கு இளகாமல் கொண்டு போவதற்காக ஒரு பெட்டி செய்தார். தேவதாரு மரத் தொட்டி, உள்ளே தகரப் பெட்டி, இடையில் ஐஸ், வெளியே முயல் தோல். 1803-ல் அதற்குக் காப்புரிமை வாங்கி, 'ரெப்ரிஜிரேட்டர்' என்று பெயரும் வைத்தார். பிறகு நூறு வருஷம் மேல்நாட்டு வீடுகளில் இருந்ததெல்லாம் இதன் சந்ததிதான். மரப்பெட்டி, உள்ளே துத்தநாகத் தகடு, மேல் தட்டில் ஐஸ்கட்டி, கீழே பாலும் மாமிசமும். குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும். அதற்காகத்தான் ஐஸ் மேலே. உருகிய தண்ணீர் ஒரு குழாய் வழியாக வந்து, பெட்டிக்கு அடியிலுள்ள தட்டில் விழும்.

அந்தத் தட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தினம் ஒரு தடவையாவது அதை இழுத்துக் கொட்டியாக வேண்டும். மறந்தால் தரையெல்லாம் தண்ணீர். குழாயில் பாசி பிடித்தால் கெட்ட நாற்றம். ஐஸ்காரன் புதுக் கட்டி கொண்டு வருகிற அன்று பெட்டியைக் காலி பண்ணித் துடைத்தால்தான் கட்டி உள்ளே போகும். ஆகையால் ஐஸ்பெட்டி வைத்திருந்த வீட்டுக்காரி சோம்பேறியாக இருக்க முடியாது. உருகுகிற ஐஸ் ஒரு கடிகாரம் போல அவளை விரட்டிக்கொண்டே இருந்தது.

யந்திரப் பெட்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரவம் ஆவியாகும்போது பக்கத்திலுள்ள உஷ்ணத்தை இழுத்துக்கொள்கிறது. அந்த ஆவியை மறுபடியும் அமுக்கித் திரவமாக்கி, திருப்பித் திருப்பி ஓட விட்டால் ஒரு இடம் குளிர்ந்துகொண்டே இருக்கும். ஜேக்கப் பெர்கின்ஸ் 1834-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஜெர்மனியில் லிண்டே 1870-களில் பீர் தொழிற்சாலைகளுக்குப் பெரிய யந்திரங்கள் செய்தார். வீட்டுக்குள் வந்தபோது முதலில் விஷ வாயுக்களும் கூட வந்தன. கசிந்த வாயுவால் பெர்லினில் ஒரு குடும்பம் மாண்டதைப் பத்திரிகையில் படித்துவிட்டுத்தான் ஐன்ஸ்டீனும் சிலார்டும் சேர்ந்து ஆபத்தில்லாத பிரிட்ஜ் ஒன்றைச் செய்ய முனைந்தார்கள் என்று சொல்வார்கள். அது கடைக்கு வரவில்லை. 1927-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் பெட்டி அமெரிக்க வீடுகளில் லட்சக்கணக்கில் புகுந்தது. சில வருஷங்களில் பிரியான் வாயு வந்தது. அது விஷமில்லாதது என்று கொண்டாடினார்கள். ஆகாயத்தின் ஓசோனை அரிப்பது பிற்பாடு தெரிந்து, 1987-ல் மான்ட்ரியல் உடன்படிக்கை செய்து ஒதுக்க வேண்டியதாயிற்று. நம் நாட்டில் கோத்ரெஜ் கம்பெனி 1958-ல் பிரிட்ஜ் செய்யத் தொடங்கியது. அதுவரை பெரிய மனிதர் வீடுகளில் இருந்தவை கப்பலில் வந்தவை. பிரிஜிடேர் என்பது ஒரு கம்பெனியின் பெயர் என்பது தெரியாமலே எல்லாப் பெட்டியையும் பிரிஜிடேர் என்று சொன்ன காலம் அது.

கல்கத்தாவும் பாஸ்டனும் போதும். நம் பக்கத்துக்கு வருகிறேன்.

விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகிற பாதையில் கெடார் என்று ஓர் ஊர் இருக்கிறது. புயல் மழைக் காலத்தில் பத்திரிகைகளில் வருகிற மழையளவுப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். என் பெரியம்மா வாழ்க்கைப்பட்ட ஊர். அங்கே அவள் மாமியார் காலத்து அடுக்களையைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். குளிர்ச்சி என்று அங்கே இருந்தது மணலின்மேல் உட்கார்ந்த மண்பானை ஒன்றுதான். ஆனால் கெடாமல் வைப்பதற்கு அங்கே எத்தனை வழிகள்! உப்பு, வெயில், எண்ணெய், புளிப்பு, புகை. மரக்காணத்து உப்பளங்கள் நமக்குச் செய்திருக்கிற உபகாரத்தை எந்த யந்திரமும் செய்ததில்லை. கருவாடு, உப்புக்கண்டம், மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், வெங்காய வடகம் என்று எல்லாம் வருஷக்கணக்கில் நிற்கும். அன்றாடப் பால் தயிர் உறியில் தொங்கும். எறும்பு ஏறாமல் இருக்க அலமாரியின் கால்கள் நாலும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போட்டால் வீடு இரண்டுபடும்.

சமைத்த சாதத்தின் கதை வேறு. அதற்கு ஆயுள் ஒரு நாள். ராத்திரி அடுக்களையைக் கழுவுவதற்குள் எல்லாவற்றுக்கும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மிஞ்சிய சாதத்தில் தண்ணீர் ஊற்றுவார்கள். அது காலையில் பழையது. சாதத்தில் இருக்கக்கூடிய பாசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதிக்கிற நீரிலும் சாகாது. சாதத்தை அறைச் சூட்டிலேயே நெடுநேரம் விட்டால் முளைத்து விஷமாகும் என்று இப்போது விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். தண்ணீரில் கிடக்கும் சோறு புளிக்கும்போது, அந்தப் புளிப்பு பல கிருமிகளை அடக்கி வைக்கிறது. கிருமியின் பெயர் தெரியாமலே கண்ட வழி. மிஞ்சிய குழம்பைச் சுண்டக் காய்ச்சுவார்கள். அதற்கும் மிஞ்சினால் ராப்பிச்சைக்காரருக்கு, பண்ணையில் வேலை செய்கிறவர்களுக்கு, கடைசியில் மாட்டின் கழுநீர்ப் பானைக்கு. விளக்கணைக்கும்போது பாத்திரங்கள் எல்லாம் கவிழ்ந்திருக்கும்.

இதைப் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. பழையதை வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அந்த வீட்டில் சூடான சோறு ஒரு நாளும் கிடைத்ததில்லை. கொடுத்தவர்கள் அதற்குத் தர்மம் என்று பெயர் வைத்தார்கள். வாங்கினவர்கள் என்ன பெயர் வைத்தார்களோ, அவர்கள் வாய்ச்சொல்லை ஏட்டில் ஏற்ற ஆள் இல்லை. சாமானைப் பிரித்து வைக்கிற 'பத்து' என்ற ஆசாரத்திலும் சுத்தத்தோடு கூடச் சாதி கலந்திருந்தது. ஆனாலும் ஒன்று உண்மை. பொழுதுக்குள் முடிவு செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அந்த அடுக்களைக்கு இருந்தது. உருகுகிற ஐஸ் மேல்நாட்டுக்காரியை விரட்டியது போல, ஊசிப்போகிற சோறு நம் பாட்டிகளை விரட்டியது.

கெடாரில் அந்த வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தது 1990-களின் தொடக்கத்தில். அப்போது ஒற்றைக் கதவு, 165 லிட்டர். வழக்கம்போல் அது சமையலறைக்குப் போகவில்லை. கூடத்தில், வருகிறவர் கண்ணில் படும்படி நின்றது. மேலே பின்னல் விரிப்பு, அதன்மேல் பொம்மை. கதவில் பூட்டு. சாவி பெரியப்பாவின் அரைஞாணில். தெருவில் பாதிப் பேர் ஐஸ் வாங்க டம்ளரோடு வந்தார்கள். மல்லிகைப்பூ, இட்லி மாவு, அரைமூடித் தேங்காய், ஒரு தடவை அடுத்த வீட்டுக்காரரின் இன்சுலின் மருந்து என்று எல்லாம் அதற்குள் போயிற்று.

பெட்டி வந்து ஒரு மாதத்துக்குள் ராத்திரித் தீர்ப்பு நின்றுபோயிற்று. மிஞ்சினது உள்ளே போயிற்று. ஒரு கரண்டி கூட்டு, இரண்டு கரண்டி ரசம், அரைக் கிண்ணம் பொரியல். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாளைக்கு அதன் முன்னால் வேறு கிண்ணம் வந்து நின்றது. இரவில் வந்து கூப்பிடுகிறவர் கொஞ்ச காலம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வராமல் போனார். மூன்றாம் நாள் கூட்டு யார் தட்டில் விழுந்தது என்று கேட்டால், எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அன்று சமைத்தது. மூன்றாம் நாள் கூட்டு அவளுக்கு. பண்ணையாள் வாங்கிக்கொண்டு போன பங்கு இப்போது வீட்டுக்காரியின் பங்காக மாறிவிட்டது என்பதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன். பிரிட்ஜைச் சுத்தமாக வைப்பது வீட்டு அலங்காரம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைக்கிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

குளிர் கிருமியைக் கொல்வதில்லை. அதன் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். 5 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே பெரும்பாலான கிருமிகள் மந்தமாகிவிடும்; ஆனால் லிஸ்டீரியா என்று ஒன்று அந்தக் குளிரிலும் மெதுவாகப் பெருகும். நல்லதைக் கொஞ்ச நாள் நல்லதாக வைக்கும். கெட்டதைப் பெட்டி நல்லதாக்காது. பெரியம்மா இதைக் கிருமி இல்லாமலே கண்டுபிடித்தாள். ஒரு நாள் பூஞ்சணம் பூத்த கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "இது பொட்டியில்ல தம்பி, வாய்தா கோர்ட்டு. எல்லாத்தையும் தள்ளித் தள்ளி வச்சிக்கிட்டே இருக்குது."

அதற்குப் பிறகு அவள் வியாழக்கிழமை ராத்திரியைத் தீர்ப்பு நாளாக வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற நாளாதலால் அதற்கு முன்னால் பெட்டி காலியாக வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் வெளியே வரும். மோந்து பார்த்து மூன்றாகப் பிரிப்பாள். இன்றே சாப்பிட வேண்டியது, இன்னும் வைக்கலாம் என்பது, மாட்டுக்கு. தட்டுகளை வெளியே எடுத்துக் கழுவி வெயிலில் காயப் போடுவாள். சோடா உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து உட்சுவரைத் துடைப்பாள். லிட்டருக்கு ஒரு ஸ்பூன் போதும். வாசனைச் சோப்பு போட்டால் அந்த வாசனை தயிரில் ஏறும். கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பில்தான் கறுப்புப் பூஞ்சணம் ஒளிந்திருக்கும். பழைய பல் பிரஷ்ஷால் அதைத் தேய்ப்பாள். ரப்பர் இறுக்கமாக மூடுகிறதா என்று பார்க்கக் காகிதத் துண்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து இழுப்பாள். சுலபமாக வந்துவிட்டால் குளிர் வெளியே ஓடுகிறது என்று அர்த்தம்.

அடுக்குவதில் டியூடரின் ஆட்களுக்கு நேர் எதிரான விதி இங்கே. ஐஸை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும்; பிரிட்ஜில் சாமானை இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். காற்று சுற்றி வந்தால்தான் குளிர் எல்லாவற்றையும் எட்டும். பச்சை மீனும் கறியும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். மேலே வைத்தால் அதன் நீர் சொட்டிச் சமைத்ததைக் கெடுத்துவிடும். அப்படியே எடுத்துச் சாப்பிடுகிறவை மேலே. கதவுதான் பெட்டியிலேயே உஷ்ணமான இடம். திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படுவது அதன்மேல்தான். பாலை அங்கே வைக்காமல் உள்தட்டில் வைப்பது நல்லது. கொதிக்கக் கொதிக்க உள்ளே தள்ளுவதும் தப்பு; ஆறட்டும் என்று சாதத்தை ராத்திரி முழுதும் வெளியே விடுவதும் தப்பு. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். கறிவேப்பிலையைக் காகிதத்தில் சுற்றினால் ஈரம் தங்காது. உருளைக்கிழங்கு குளிரில் தித்தித்துப் போகும், வாழைப்பழம் கறுக்கும். இரண்டுக்கும் உள்ளே வேலையில்லை. புதிதாக வந்தது பின்னாலும், பழையது முன்னாலும் நிற்க வேண்டும். இந்த ஒரு விதியை மளிகைக் கடைக்காரர்கள் எல்லாரும் அறிவார்கள், வீட்டில்தான் மறந்துவிடுகிறோம்.

ஒற்றைக் கதவுப் பெட்டியில் இன்னொரு தொல்லை உண்டு, அதுவே அதன் குணமும்கூட. மேல் அறையில் வெள்ளை வெளேரென்று உறைபனி கட்டும். அரை அங்குலம் கட்டிவிட்டால் அதுவே கம்பளி போலக் குளிரைத் தடுக்கும். அப்போது சிவப்புப் பொத்தானை அமுக்கி, கரையவிட்டு, தண்ணீரைத் துணியால் ஒற்ற வேண்டும். அவசரப்பட்டுக் கத்தியால் குத்தினவர்கள் உள்ளேயிருக்கிற வாயுக் குழாயைக் குத்தி, பெட்டியையே தூக்கிப் போட்ட கதை ஊருக்கு ஒன்று இருக்கும். எப்படியோ, மாதம் ஒரு தடவை உருகியதால் மாதம் ஒரு தடவையாவது பெட்டி காலியாயிற்று. பிறகு உறைபனி கட்டாத இரட்டைக் கதவுப் பெட்டிகள் வந்தன. அவை தாமே சூடேற்றிப் பனியைக் கரைத்துக்கொள்கின்றன. வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். அத்தோடு கடைசிக் கட்டாயமும் போயிற்று.

கட்டாயம் போனாலும் மின்சாரம் போகாமல் இருக்க வேண்டுமே! 2011 டிசம்பர் 30-ம் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. கம்பங்கள் விழுந்து, எங்கள் பக்கத்தில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருண்டு கிடந்தன. அடுத்த வருஷம் புயல் இல்லாமலே இருட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு என்பது சாதாரணம். பிரிட்ஜ் அலமாரியாயிற்று. கதவைத் திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம் குளிர் தங்கும். அதற்குமேல் பாலையும் கறியையும் நம்பக்கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து திறந்து, இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

2024 நவம்பர் 30-ம் தேதி இரவு 'பெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர். தென்பெண்ணை கரைபுரண்டு, அரசூரில் திருச்சி நெடுஞ்சாலையே முழுகியது. கெடாரில் பெரியம்மா வீட்டில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. அந்த வீட்டில் இப்போது இருப்பது மருமகள் வாங்கிய இரட்டைக் கதவுப் பெட்டி. முதல் நாளே மீனும் மாவும் வெளியே போயின. பெரியம்மாவின் இன்சுலினை உறைக்குள் போட்டுக் கட்டி, ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் இறக்கினார்கள். பரணில் கிடந்த பானைக்கு முப்பது வருஷத்துக்குப் பிறகு வேலை கிடைத்தது.

தண்ணீர் வடிந்த பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் டார்ச் விளக்கோடு வீடு வீடாக வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், தேங்காய் ஓட்டைப் பார்த்தாள், பழைய டயரைப் பார்த்தாள். பிறகு, "பிரிட்ஜைக் கொஞ்சம் முன்னால இழுங்க அத்தை" என்றாள். எதற்கு என்று கேட்டார்கள். யந்திரம் தானே கரைத்துக்கொள்கிற பனி மாயமாகப் போய்விடுவதில்லை. ஒரு துவாரத்தின் வழியாக இறங்கி, பின்பக்கத்தில் கம்ப்ரெஸருக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் தட்டில் விழுகிறது. கம்ப்ரெஸரின் சூட்டில் அது ஆவியாக வேண்டும். ஆவியாகாமல் தங்கினால் அந்தச் சுத்தமான, அசையாத தண்ணீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கு ஜுரத்தைக் கொண்டு வருகிறது அதுதான். தாமஸ் மூரின் சந்ததியில் பெட்டிக்கு அடியில் இருந்த அதே தட்டு. அந்தக் காலத்தில் தினம் கண்ணில் பட்டது; இப்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

மருமகளுக்கு அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது. வாங்கி ஆறு வருஷம் ஆயிற்றாம். டார்ச் வெளிச்சத்தில் தண்ணீருக்குள் கொசுப்புழுக்கள் தலைகீழாக நெளிந்துகொண்டிருந்தன. பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தாள். "கொட்டிட்டு, தேங்கா நாரு வச்சித் தேச்சி, கவுத்து வையி" என்றாள். தட்டைத் திருகித்தான் கழற்ற வேண்டியிருந்தது. பேரன் ஸ்க்ரூ டிரைவர் தேடப் போனான்.